முனை பிரிந்த மாலைகள்

மாலை வாங்குகிறவர்கள் மணியைத்தான் பார்ப்பார்கள். நிறம் புடவைக்குப் பொருந்துமா, கழுத்துக்கு எடுக்குமா என்று கண்ணாடி முன்னால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நூல் எங்கே போய் முடிகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எனக்கு வேலை முழுவதும் அந்த இடத்தில்தான். மணி கோர்ப்பதை டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். முனையை முடிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூட விடமாட்டேன்.

நைலோன் நூலாக இருந்தால் முனையைச் சரித்து வெட்டி, லைட்டரின் நெருப்பில் பட்டும் படாமலும் காட்ட வேண்டும். நுனி உருகிக் கடுகுபோல உருண்டுகொள்ளும். அதிகம் காட்டினால் கருகிவிடும். கருகிய முனை கொஞ்ச நாளில் பொடிந்துபோகும். உருண்டையானதும் ஒரு சொட்டுப் பசை வைத்து, சின்ன உலோக மூடிக்குள் அடிவரை தள்ளி, குறட்டால் நசுக்க வேண்டும். அந்த மூடியில்தான் கொக்கி மாட்டுவது. பிறகு இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பேன். கடைசியில் மூடியின் வாயைக் கீழுதட்டில் வைத்து உரசுவேன். விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும்.

நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கல்யாணம் முடித்து கண்டிக்கு, மஹியாவவுக்கு வந்தேன். கணவர் நகரசபையில் குழாய் வேலை செய்கிறார். வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் நானும் கொஞ்ச காலம் வேலை செய்தேன். தைத்து முடிந்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டிச் சரி பார்க்கிற வேலை. மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு போனில் பார்த்துப் பார்த்து மாலை செய்யப் பழகினேன். டவுனில் பெண்களுக்கான அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அம்மா என் மாலைகளை எடுத்து விற்றார். அவரை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தங்கச்சி.

பல வருடம் அப்படியே போனது. என் மாலை அறுந்தது, அவிழ்ந்தது என்று ஒரு சொல் வந்ததில்லை.

முதல் சொல் வந்த நாளில் கடையில் கூட்டம் இருந்தது. எல்லோரும் போகும்வரை ராத்தா என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கோவிக்க வேணாம் தங்கச்சி. போன முறை தந்த மாலையில கொஞ்சம் திரும்பி வந்தீக்கு. பாருங்களே, மூடி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம்."

பையில் கையை விட்டேன். கொக்கியோடு கழன்ற மூடிகளும் உதிரி மணிகளும் விரலில் தட்டுப்பட்டன. முகம் சூடாகிவிட்டது.

"மூடிதான் சரியில்ல ராத்தா. இப்ப கொழும்புல இருந்து வர்றதெல்லாம் தகரம் மாதிரி இருக்கு. நசுக்குனா நெளியுது, நூலப் புடிக்க மாட்டேங்குது."

"அதே மூடியத்தானே வத்தேகமயில இருந்து வாற புள்ளயும் போடுது. அவளுட மாலை ஒண்ணும் அவுறல்லயே."

பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்த வத்தேகமப் பெண்ணின் மேல்தான் எனக்குக் கோபம்.

வேறு பசை வாங்கினேன். நல்ல குறடு ஒன்று வாங்கினேன். ஆனாலும் வேலை முன்போல ஓடவில்லை. நூலின் நுனியை நெருப்பில் பிடித்தால் நுனி ஒரு பக்கமும் நெருப்பு ஒரு பக்கமுமாக நின்றன. நூல் என்று நினைத்து விரலைக் காட்டியிருப்பேன். உருகிய நைலோன் தோலில் ஒட்டினால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். இடது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எப்போதும் கொப்பளித்துக் கிடந்தன. சோறு பிசைந்தால் எரியும். உதட்டில் வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். அவசரத்தில் ஒருமுறை ஆறாத முனையை வைத்து உதடு வெந்துபோனது.

"வெரலெல்லாம் இப்படிச் சுட்டு வச்சிருக்கியே, ஒனக்கு என்னா ஆச்சு?" என்று கணவர் கேட்டார்.

"லைட்டர் சரியில்லங்க. நெருப்பு ஆடுது."

நான் பொய் சொல்லவில்லை. நெருப்பு ஆடுவதாகத்தான் எனக்குத் தெரிந்தது.

வேலை செய்ய மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்வது வழக்கம். அதன் மேல் கறுப்பு நூல் துண்டுகள் கிடக்கத் தொடங்கின. எடுக்கப் போனால் விரலில் ஒன்றும் அகப்படாது. துணியை உதறினாலும் போகாது. சுவரைப் பார்த்தால் அதே துண்டு சுவரில் இருக்கும். மெல்லக் கீழே இறங்கும். இமையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, "கண்ணுல நூல் கெடக்கான்னு பாரு" என்றேன். அவள் இமையைத் தூக்கிப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். சரி, களைப்பு என்று விட்டுவிட்டேன்.

எனக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது. மகள் வயிற்றில் இருக்கும்போது வந்தது, பிறகு போகவே இல்லை. கிளினிக்கில் மாத்திரை தருவார்கள். நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் வெளியே வாங்கச் சொல்லித் துண்டுச்சீட்டு எழுதித் தந்தார்கள். கடைக்குக் கடை ஏறி இறங்கினோம். கிடைத்ததைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்படி இழுத்துப்பறித்தவள் நான் மட்டுமில்லை. எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். உடம்பு ஒன்றும் செய்யவில்லை. அதனால் பயப்படவும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் மகளின் பள்ளிக்கூடத்தில் கலைவிழா வந்தது. கொழுந்து பறிக்கிற நடனம் ஒன்றில் அவளும் ஆடினாள். ஆடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பெரிய மணி வைத்த சிவப்பு மாலை வேண்டும் என்று நடன டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். "எங்கம்மா செய்வாங்க" என்று மகள் வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ராத்தாவின் கடையில் பட்ட அவமானத்துக்கு இதில் ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தேன். வாசல் வெளிச்சத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து செய்தேன். பெரிய மணிகள் என்பதால் கோர்ப்பதில் சிரமம் இருக்கவில்லை. முனைகளுக்குத்தான் நாள்கள் போயின. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். என் கையில் எதுவும் அவிழவில்லை.

மகள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "அம்மா, பசை மூடிக்கு வெளியில வழிஞ்சிருக்கு."

"கொஞ்சம் வழியும்டி. நகத்தால சொறண்டிரு."

அவள் சுரண்டிவிட்டு வைத்தாள். பசை எல்லாம் வெளியே போயிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விழா மண்டபத்தில் முன்பக்கமாகவே இடம் கிடைத்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். மேடை எனக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கலங்கித் தெரிந்தது. விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்று எண்ணிக்கொண்டேன். பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் குனிந்து நிமிர்வது அசைவாகத் தெரிந்தது. எது என் பிள்ளை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது பலகை மேடையில் மணி விழுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு படபடவென்று கொட்டியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வீட்டில் எத்தனையோ தடவை கிண்ணம் கவிழ்ந்து கேட்ட சத்தம்தான். ஆனால் மேடையில் ஒரு மணிகூட என் கண்ணில் படவில்லை.

பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக் கேட்டேன்: "என்னாங்க விழுகுது?"

"தெரியலையா ஒங்களுக்கு? மாலை அவுந்து கொட்டுதுங்க! அய்யோ, இன்னொன்னும் போச்சு. புள்ளைங்க மிதிக்குதுங்களே!"

பாட்டு நிற்கவில்லை. தடாலென்று ஒரு சத்தம். ஒரு பிள்ளை கத்தியது. அதற்குப் பிறகுதான் பாட்டை நிறுத்தினார்கள்.

விழுந்தது எங்கள் வீட்டு வரிசைக்கு மேல் வரிசையில் குடியிருக்கும் ஓர் அக்காவின் மகள். மணியை மிதித்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். மணிக்கட்டு உடைந்துவிட்டது. முச்சக்கரவண்டிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அந்த அக்கா, படியில் என்னைக் கண்டதும் நின்றார். அவிழ்ந்த மாலை ஒன்று அவர் கையில் இருந்தது. அதை என் மேல் எறிந்தார்.

"செய்யத் தெரியாட்டி ஏன் செய்யுற? எம் புள்ள கைய ஒடச்ச இந்தக் கை வெளங்குமா? ஒனக்கும் ஒரு புள்ள இருக்குல்ல? நீ நல்லா இருக்க மாட்ட."

சுற்றிலும் ஆள்கள் நின்றார்கள். நான் மாலையைக் குனிந்து எடுத்தேன். எடுப்பதற்குத் தரையில் தடவ வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தும் மகள் ஆட்டத்து உடுப்பைக் கழற்றவில்லை. கண் மையெல்லாம் கரைந்திருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நேரம் கழித்துத் தானாகவே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மேடையில நான் எங்க நின்னேன்?"

"நடுவுலதான்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நடுவுல இல்லையா?"

"நான் ஓரத்துலம்மா. ஒனக்கு நேரா. ஒன்னயப் பாத்துக்கிட்டுத்தான் ஆடுனேன். நீ வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்த."

பிறகு அவள் எழுந்து வந்து என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கை குளிர்ந்திருந்தது.

"இப்ப என் மூஞ்சி தெரியுதா?"

கலங்கிய தேயிலைச் சாயம் மாதிரி ஒன்றுதான் எதிரில் இருந்தது. அதற்குள் அவள் இல்லை. கையை எடுத்துவிட்டு இடது கண்ணை மூடினாள். அவள் வந்தாள், பனிக்குள்ளிருந்து வருகிறவள் போல. அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு கண்ணால்தான் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. இப்படியும் ஒரு மனுஷிக்குத் தெரியாமல் இருக்குமா என்று பலர் கேட்டார்கள். இருக்கும். மற்றக் கண் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு, வரிசையில் உட்கார வைத்து, மறுபடி கூப்பிட்டார்கள். டொக்டர் சின்ன வயதுப் பெண். சிங்களத்தில்தான் பேசினார், எனக்கு விளங்கியது. சீனி கூடிக் கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்றார். நான் பார்த்த நூல் துண்டுகள் அந்த இரத்தம்தான். இடது கண்ணில் பின்பக்கத் திரை கழன்றுவிட்டது. பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணுக்கு லேசர் பிடித்து, ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். கோபப்படாமல்தான் சொன்னார். ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நடுவீதியில் அவர் என்னைத் தொட்டதில்லை.

அன்று பின்னேரமே அடிபட்ட பிள்ளைக்கு மால்ட் மாவு டின் ஒன்று வாங்கிக்கொண்டு மேல் வரிசை அக்கா வீட்டுக்குப் போனோம். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் வருவதைக் கண்டதும் உள்ளேயிருந்து சாத்தினார்கள். டின்னைப் படியில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் அது எங்கள் வாசலில் இருந்தது.

லேசர் பிடித்த பிறகு வலது கண்ணில் ஓரங்கள் இருண்டுபோயின. நடுவில் கொஞ்சம் மிஞ்சியது. மணியைக் கோர்க்கக் கை போதும், அதைச் செய்ய முடிந்தது. முனையைத்தான் முடிக்க முடியவில்லை. ராத்தாவுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த மாலைகள் இரண்டு பக்கமும் நூல் தொங்கியபடி ஆணியில் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அவற்றை இறக்கினார்.

"நெருப்பு வேலதான? நான் பாத்துக்கிறேன். நீ சொல்லிக்கிட்டே இரு."

"ஓரமா காட்டுங்க. உள்ளுக்கு வுடாதீங்க."

"இந்தா, கருகிப் போச்சு."

"வெட்டிப் போட்டுட்டு மறுபடி காட்டுங்க."

"இனி வெட்டுனா மாலை புள்ளைக்குத்தான் சரியா வரும். ஏன், குழாயில சுத்துற டேப்ப ஒரு சுத்து சுத்துனா என்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மகள்கூடச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. குழாய்களை முறுக்கித் தடித்த விரல்களால் அவர் அன்று முழுக்க உட்கார்ந்து முடித்தார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் மூடிக்கு வெளியே கரிக்கட்டி போல முடிச்சுகள் துருத்திக்கொண்டு நின்றன. மகள் ஒன்றைக் கழுத்தில் போட்டுப் பார்த்து, "குத்துதுப்பா" என்றாள்.

ராத்தா அவற்றை நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். என் கண்ணைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"முனை நல்லா கெட்டிதான் தங்கச்சி. ஆனா இத ஒரு கலியாண வீட்டுக்குப் போட ஏலாதே."

"தெரியும் ராத்தா."

"உங்களுட மாலைய நான் யாருக்கும் பயமில்லாமக் குடுத்தேன். அல்லாஹ்ட காவல்ல நல்லாயிருங்கோ." எனக்குத் தேநீர் எடுத்துவரச் சொன்னார். சீனி போடாமல் என்று இரண்டு தடவை சொன்னார். மிச்சமிருந்த மணி, மூடி, கொக்கி எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அந்த வத்தேகமப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், மழை விட்டிருந்த நேரம், வாசலில் யாரோ வந்து நின்றார்கள். உருவம் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"யாரு?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நாந்தான். மேல் வீடு" என்று குரல் வந்தது.

"வாங்கக்கா. உள்ளுக்கு வாங்க."

அவர் வாசல்படியைத் தாண்டவில்லை. "புள்ளைக்கு மாவுக்கட்டு பிரிச்சாச்சு. கை கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கு. எழுதுறா." செருப்பைப் படியில் தேய்த்தார். "ஒனக்குக் கண்ணு போயிருச்சுன்னாங்க."

"ஒரு கண்ணு. மத்தது கொஞ்சம் இருக்கு."

"அன்னைக்கு நான் வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். நீ நல்லா இருக்க மாட்டன்னு சொன்னேன்ல. அது பலிச்சுப் போச்சுன்னு எனக்குத் தூக்கமே இல்ல." குரல் உடைந்தது. "நான் அப்படி நெனச்சுச் சொல்லல."

"இல்லக்கா. நீங்க சொல்றதுக்கு முந்தியே கண்ணு போயிருச்சு. அதனாலதான் மாலை அவுந்துச்சு. நீங்க சொன்னதால ஒண்ணும் ஆகல."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். டொக்டரே சொன்னாங்க."

அவர் அழுதாரா, நிம்மதியானாரா என்று பார்க்க எனக்கு வழியில்லை. ஒரு பை ரம்புட்டான் பழத்தை நிலைப்படியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவருடைய பயத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் வளைந்த கையை என்ன செய்வது? கண் தெரியாமல் செய்தது என்று சொன்னால் எலும்பு நேராகிவிடுமா? அந்தப் பழங்களை நான் தொடவில்லை. மகளும் தொடவில்லை. கணவர்தான் எடுத்துப்போய் வேலை செய்கிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது வலது கண்ணிலும் அடிக்கடி இரத்தம் கசிகிறது. ஊசிக்கு நாள் கொடுப்பார்கள். போனால் இன்றைக்கு மருந்து இல்லை என்று வேறு நாள் கொடுப்பார்கள். நடுவில் மிஞ்சியிருந்த அந்தக் கொஞ்சமும் மாசத்துக்கு மாசம் சுருங்குகிறது. மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வாசலுக்குக் கூட்டிப்போய், தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புகிறேன். முன்பெல்லாம் சலித்துக்கொள்வாள். இப்போது பேசாமல் நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் மறுபடி விழா வருகிறது என்று போன கிழமை சொன்னாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் ஆடவில்லை. டீச்சர் கேட்டும் மறுத்துவிட்டாள்.

"நம்ம ரெண்டு பேரும் போவோமா?" என்றேன்.

"நீ என்னத்தம்மா பாக்கப் போற?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பாட்டாவது கேக்கலாமே" என்றேன்.

அவள் குசினிக்குப் போய் அரிசியை அளந்து சட்டியில் போட்டாள். குழாயைத் திறந்து அரிசி கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.